தூங்கக் கூடாத இடம்

மதியச் சாப்பாடு முடிந்து பாலம் ஏறும் இடத்தில்தான் மாமாவின் கழுத்து தளரும். பேருந்தின் கடைசியில் நின்றாலும் எனக்கு அது தெரிந்துவிடும். முதலில் தோள் இறங்கும். பிறகு தலை ஒரு பக்கமாகச் சாயப் பார்த்துச் சட்டென்று நிமிரும். இரண்டாவது முறை சாய்வதற்குள் நான் முன்னால் போய்விட வேண்டும். கையில் டிக்கெட் கட்டு, தோளில் தோல்பை, வழியில் யார் காலை மிதித்தாலும் நின்று மன்னிப்புக் கேட்க முடியாது. அன்றைக்கும் அப்படித்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், எஞ்சின் மூடிமேல் ஒரு கையை ஊன்றி, அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

"என்ன இருந்தாலும் மேலவைன்னு ஒண்ணு வேணும்தான் மாமா."

"எதுக்குடா வேணும்?" என்றார். தோள் நிமிர்ந்தது. கியர் மாற்றிய வேகத்தில் வண்டியே ஒரு குலுக்குக் குலுங்கியது. "சொல்லுடா, எதுக்கு வேணும்?"

"படிச்சவங்க, பெரியவங்க, நாலும் தெரிஞ்சவங்க இருக்காங்க. அவங்களுக்கு வீடு வீடா ஓட்டுக் கேட்கக் கூச்சமா இருக்கும்ல? அதான் நியமனம் பண்றாங்க."

"கூச்சமா! சம்பளம் வாங்கக் கூச்சமில்ல. சாகற வரைக்கும் நாற்காலிய விடக் கூச்சமில்ல. நம்ம முகத்தப் பார்க்க மட்டும் கூச்சமா இருக்காமா? நாம ஓட்டுப் போட்டு அனுப்பினவன் ஒண்ணைச் சட்டமாக்கினா, ஒருத்தரும் அனுப்பாதவன் அதைப் பொட்டலம் கட்டி மேல போட்டு வைப்பானா? இழுத்து மூடணும்டா. பூட்டிட்டுச் சாவியக் கிணத்துல போடணும்."

"மூட வேண்டாம், சீர்திருத்தினாப் போதும்னு பேப்பர்ல எழுதியிருக்கான்."

"பேப்பர்காரனே அங்க ஒரு நாற்காலில உக்காந்திருக்கான்டா! பின்ன என்ன எழுதுவான்?"

முதல் ஜன்னல் இருக்கையில் தினமும் வரும் மருந்துக்கடை அம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். போதும், பாலம் இறங்கும்வரை தாங்கும் என்று அர்த்தம். அந்தத் தடத்தில் வழக்கமாக வருகிறவர்களுக்கு இது என்ன கூத்து என்று தெரியும். சிலர் கூடவே எண்ணெய் ஊற்றுவார்கள். "தேர்தல் வச்சு அனுப்பலாமே டிரைவர்" என்று ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். "அப்புறம் கீழ ஒண்ணு எதுக்கு, மேல ஒண்ணு எதுக்கு? ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதையா?" என்று மாமா கண்ணாடியில் அவரைத் தேடி முறைப்பார். புதிதாக ஏறியவர்கள் மட்டும் மிரண்டு போய்க் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். கோபமாக இருக்கிற ஓட்டுநரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பாவம். எங்களுக்குப் பயம், அவர் கோபப்படாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். டெப்போவில் அவர் பெயர் பாய்லர். கம்பெனியில் ஓட்டுநர்கள் போதாது, எடுக்கவும் மாட்டார்கள். இராத்திரி வண்டியைக் கொண்டுவந்து போட்டவன் விடிகாலையில் மறுபடி அதே வண்டியை எடுக்க வேண்டும், முடியாது என்றால் வீட்டுக்குப் போகலாம், திரும்பி வர வேண்டாம். ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒருவர் பச்சை மிளகாயைக் கடிப்பார். ஒருவர் ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். பாட்டுக்காரர் என்று ஒருவர் பாடிக்கொண்டே ஓட்டுவார். நல்ல குரல். ஒரு மதியம் பாதிப் பாட்டில் நிறுத்தினாராம்; அடுத்த வரியை யோசிக்கிறார் என்று நினைத்தோம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். வண்டி நேராகப் போய் ஒரு கிடங்குச் சுவரில் ஏறிவிட்டது. அவரோடு சேர்ந்து போனவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

அதற்குப் பிறகுதான் அந்த மசோதா வந்தது. இரண்டு ஷிப்டுக்கு நடுவில் ஓட்டுநருக்கு எட்டு மணி நேர ஓய்வு கட்டாயம், மீறினால் முதலாளிக்குச் சிறை. கீழவையில் எல்லாக் கட்சியும் ஒன்றாகக் கை தூக்கின. டெப்போ வாசலில் நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மாமா அன்று அக்காவிடம், இனிமேல் நானும் உன்னைப் போல விடியும்வரை தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தாராம். மசோதா மேலே போனது. போனது போனதுதான். ஆய்வு என்றார்கள், கருத்துக் கேட்பு என்றார்கள், அடுத்த கூட்டத்தொடர் என்றார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் உண்டு, பேருந்து முதலாளிகளின் சம்பந்திகள் உண்டு, எப்போதோ ஒரு பந்தயத்தில் ஓடி ஜெயித்தவர்கூட உண்டு. பேருந்தில் ஏறி வந்தவர் ஒருவரும் கிடையாது.

மாமாவுக்கு மிளகாயும் உதவவில்லை, ஈரத்துணியும் உதவவில்லை. கோபம்தான் பிடித்தது. அதை நான்தான் கண்டுபிடித்தேன். முதலில் பாகப்பிரிவினையில் அவரை ஏமாற்றிய தம்பியைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்தக் கோபத்தை வீட்டுக்கும் சுமந்துகொண்டு போய்த் தட்டைத் தூக்கி எறிந்ததும், அக்கா என்னைக் கூப்பிட்டுக் காதைத் திருகாத குறையாகத் திட்டினாள். "வேற எதையாவது பேசித் தொலைடா. ஆனா தூங்க மட்டும் விட்டுடாத. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்." அப்போதுதான் மேலவை கிடைத்தது. அது வற்றவே இல்லை. அவர் ஒழிக்க வேண்டும் என்பார், நான் திருத்தினால் போதும் என்பேன். அதற்காகவே டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வருவேன். உண்மையில் எனக்கு அந்த அவை இருந்தாலும் ஒன்றுதான், இடிந்தாலும் ஒன்றுதான். எனக்கு வேண்டியதெல்லாம் அக்காவின் புருஷன் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும்.

இதற்கு நடுவில் தலைவர் மேலவைக்குப் போனார். எங்கள் சங்கத் தலைவர். அவரும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டியவர்தான். மேலவை ஒரு வெட்டிச் சபை, அதைக் கலைக்கும்வரை ஓயமாட்டேன் என்று டெப்போ வாசலில் மேசைமேல் ஏறி நின்று முழங்கியவர். மாமா பேசுவதில் பாதி அவர் பேசியதுதான். அவரையே அங்கே நியமித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது பலர் காறித் துப்பினார்கள். மாமா துப்பவில்லை. "உனக்கு என்னடா தெரியும்? உள்ள இருந்து வெடி வைக்கப் போறார். பொறுத்துப் பாரு" என்றார். மசோதா மறுபடி எடுக்கப்படும் நாளுக்கு, பார்வையாளர் மாடத்துக்குத் தலைவரே இரண்டு அனுமதிச்சீட்டு அனுப்பியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரவு முழுக்க ஓட்டிய வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, முகம் மழித்து, கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மதியம் மறுபடி ஷிப்டு. கண் இரண்டும் மிளகாய்ப் பழம் போல் இருந்தன.

மாடத்துக் காவலர் விதிகளைச் சொன்னார். பேசக் கூடாது. கை தட்டக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. தூங்கக் கூடாது. நாங்கள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தோம். எங்கள் பேருந்து இருக்கைகளில் பாதிக்குப் பஞ்சே இல்லை. இங்கே உட்கார்ந்தால் இடுப்புவரை அமிழ்ந்தது. குளிர்ச்சியான காற்று. கீழே சுவர்க் கடிகாரத்தின் சத்தம்கூட மெத்தையில் சுற்றிவைத்தது போலக் கேட்டது. ஏதோ மரங்களைப் பற்றி ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். உறுப்பினர்களில் ஒருவர் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்து தூங்கினார். இன்னொருவர் வயிற்றின்மேல் கை கோத்துத் தூங்கினார். மூன்றாவது வரிசையில் ஒருவர் முகத்தில் ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. ஓர் ஊழியர் சத்தமே வராத செருப்போடு நடந்து வந்து, அவர் விழித்துவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையை மெதுவாக இழுத்துவிட்டுப் போனார். என்ன மரியாதை, என்ன கரிசனம்! நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா தூங்கிவிட்டார். எனக்குத் தெரியவே இல்லை. எஞ்சின் சத்தம் இல்லாத இடத்தில் அவர் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. காவலர் வந்து தோளைத் தட்டினார்.

"எழுந்திருங்க. இங்க தூங்கக் கூடாது."

மாமா விழித்து, காவலரைப் பார்த்து, பிறகு கீழே பார்த்தார். விரலை நீட்டி, "அங்க?" என்றார்.

"அவங்க உறுப்பினருங்க" என்றார் காவலர். அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "விதிங்க. வெளிய போயிடுங்க."

இதோ வெடிக்கப் போகிறது என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெடிக்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதில் சொன்னார். "நீ இருடா மாப்ள. நம்ம தலைவர் பேசறத ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டு வந்து சொல்லு."

தலைவர் எழுந்தார். தலைமுடிக்குச் சாயம் போட்டிருந்தார். மேசைமேல் ஏறி நின்ற குரலைக் காணோம். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் வந்தது. இந்த மாண்புமிகு அவையின் நிதானம் தன்னைச் செதுக்கியிருக்கிறது என்றார். முன்னாள் ஓட்டுநர் என்ற முறையில் ஒரு வண்டிக்கு பிரேக் எவ்வளவு முக்கியம் என்று தனக்குத் தெரியும் என்றார். கீழவை ஆக்சிலரேட்டர் என்றால் மேலவைதான் பிரேக், பிரேக் இல்லாத வண்டியில் யாராவது ஏறுவார்களா என்று கேட்டார். சிலர் புன்னகை செய்தார்கள். எனவே, ஓட்டுநர் சமூகத்தின் நன்மையைக் கருதியே, அவசரப்படாமல், இந்த மசோதாவை இன்னொரு குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று தாமே முன்மொழிவதாகச் சொன்னார். மேசையைத் தட்டினார்கள். வயிற்றின்மேல் கை கோத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலேயே ஒரு கையை எடுத்துத் தட்டினார். தட்டிவிட்டுக் கையைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

இத்தனை நாள் மாமாவைக் கிளறிவிட நான் நடித்த வாதத்தையெல்லாம் அங்கே ஒரு மனிதர் நிஜமாகவே பேசிக்கொண்டிருந்தார். பிரேக்காம்! பிரேக் என்றால் ஓட்டுகிறவன் காலடியில் இருக்க வேண்டாமா? வண்டியிலேயே ஏறாதவன் தன் வீட்டில் உட்கார்ந்து அமுக்குவதற்குப் பெயர் பிரேக்கா? பாட்டுக்காரர் சுவரில் ஏறியபோது எங்கே போயிருந்தது இவர்கள் பிரேக்? எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கையில் எறிய ஒன்றும் இல்லை, பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். இறங்கி வந்தேன்.

மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. "என்னடா, என்ன சொன்னார்?" என்று ஆசையாகக் கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இனிமேலும் பாலத்தில் எனக்குக் கோபம் தேவைப்படும். இதைவிடப் பெரிய கொள்ளி எனக்கு எங்கே கிடைக்கும்? ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிரேக்கைச் சொன்னேன், கண்மூடித் தட்டிய கையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"குழுவுக்கு அனுப்பணும்னு தலைவரேவா கேட்டாரு?"

"அவரேதான் மாமா."

"ம்" என்றார். படியில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினார். பிறகு எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சரி வா. ஷிப்டுக்கு நேரமாச்சு."

திட்டவில்லை. ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை.

அன்று வண்டியை எப்படியோ ஓட்டி முடித்தார். மறுநாள் காலை அக்கா இரண்டு சாப்பாட்டுப் பாத்திரங்களையும் என் கையில் கொடுத்துவிட்டு, "ராத்திரி பூரா ஒண்ணுமே பேசலடா. என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. தெருமுனைவரை வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் பாலம் வந்தது. தோள் இறங்கியது. ஓடினேன்.

"மேலவை வேணும்தான் மாமா."

"இருந்துட்டுப் போகட்டும்டா" என்றார்.

"தலைவரே சொல்லிட்டாரு, அதுதான் பிரேக்குன்னு."

"அவரும் பாவம். வயசாச்சு. என்ன பண்ணுவாரு."

"உங்கள எழுப்பி வெளிய தள்ளினான்ல, அவன் மேலயாவது கோவம் வரலையா?"

"விதி இருக்குல்ல. அவன் வேலைய அவன் பார்த்தான்."

தம்பியை இழுத்தேன். "அவன் நல்லாருக்கட்டும்" என்றார். முதலாளியை இழுத்தேன், டைம்கீப்பரை இழுத்தேன். கடைசியில் அக்காவின் சமையலை இழுத்தேன். மெல்லச் சிரித்தார். மருந்துக்கடை அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை தலையை ஆட்டவில்லை. எனக்குத் தாங்கவில்லை. பேருந்து முழுக்கக் கேட்கக் கத்தினேன். "மரமா நீங்க? பாட்டுக்காரர் செத்து மண்ணாப் போயிட்டாரு. அந்தக் குழந்தை செத்துப்போச்சு. அங்க ஒருத்தன் கண்ணத் தொறக்காம மேசையத் தட்டறான்! இழுத்து மூடணும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப நான் சொல்றேன். அந்தக் கட்டடத்துல ஒரு செங்கல் மிச்சம் வைக்கக் கூடாது. கேக்குதா உங்களுக்கு? உங்களுக்கு ரோஷமே இல்லையா?" என் குரல் உடைந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டிச் சாலை மங்கியது. அந்தக் கோபத்தில் நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருப்பதைப் பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன்.

"கண்டக்டர்!" என்று மருந்துக்கடை அம்மா அலறினார்.

வண்டி பாலம் இறங்கி இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நிறுத்தம், நிழற்கூரை, அதன் கீழே ஆட்கள். மாமாவின் முகவாய் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. விசிலை அவர் காதிலேயே வைத்து ஊதினேன். ஊதிக்கொண்டே ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்தேன். அவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது. எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள். வண்டி நின்றபோது நிழற்கூரையின் கம்பம் எங்கள் படிக்கட்டை உரசிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, குடை பிடித்த ஒரு பெண் நின்றாள். குடை மடங்கிப்போயிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் கத்தக்கூட இல்லை, மடங்கிய குடையைத் திரும்ப விரிக்கப் பார்த்தாள்.

மாமா தன் கைகள் இரண்டையும் பார்த்தார். பிறகு வண்டியை மெதுவாக நகர்த்தி, ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"மாப்ள, என்னால முடியலடா" என்றார்.

எழுந்து நடுவழியாக நடந்து போனார். கடைசி நீள இருக்கையில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் எழுந்துகொண்டார்கள். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் ஜோடியாக வைத்தார். கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். "என்னய்யா இது, நாங்க போக வேண்டாமா?" "ஆஸ்பத்திரிக்குப் போகணும்ப்பா." "எழுப்புய்யா அந்த ஆளை, என்ன திமிரு!" பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. என் போன் அடித்தது. டைம்கீப்பர்.

"வண்டி ஏன்டா நிக்குது?"

"டிரைவர் தூங்கறாரு."

"தூங்கறானா? பட்டப்பகல்ல நடுரோட்டுலயா? எழுப்புடா அவனை! இன்னும் அஞ்சு நிமிஷத்துல வண்டி நகரலைன்னா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது. முதலாளி பக்கத்துலதான் இருக்காரு."

கடைசி இருக்கையைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. வயிற்றின்மேல் ஒரு கை. மாடத்திலிருந்து பார்த்த அதே கை. அதே வாய். எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டு எரிந்தது. இனிமேல் அது நடிப்பு இல்லை, யாரையும் எழுப்புவதற்காகவும் இல்லை.

"எழுப்ப முடியாது சார்" என்றேன். "மேலவை கூடியிருக்கு."

"என்னடா உளர்ற?"

போனை அணைத்துப் பையில் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரை இறக்கி, பின்னால் வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டேன். திமிர் என்று சொன்னவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். நடுவழியில் குறுக்கே நின்றேன். "மேலவை கூடியிருக்கு சார். சத்தம் போடக் கூடாது. கை தட்டக் கூடாது. தொடக் கூடாது. விதி." என் முகத்தில் என்ன கண்டாரோ, நின்றுவிட்டார். வண்டிக்குள் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மருந்துக்கடை அம்மா எழுந்தார். செருப்பு சத்தம் போடாமல் குதிகாலைத் தூக்கி வைத்து, என்னைத் தாண்டிப் பின்னால் போனார். மதிய வெயில் மாமாவின் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மழைக்காகச் சுருட்டிக் கட்டியிருந்த ரெக்ஸின் திரையின் முடிச்சை அவிழ்த்து, தூசி கொட்டாமல் மெதுவாக இறக்கிவிட்டார். பழைய திரை, நடுவில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக வந்த வெயில் சரியாக மாமாவின் கண்ணிமைமேல் போய் விழுந்தது. வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா தன் கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து, கிழிசலை மறைத்துத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.